வேளாங்கண்ணிப் புதைகுழியும் ஜாதியும்

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்குச் செல்லுகின்றவர்கள், ஊருக்குள் நுழையும் வளைவுக்கருகில் ஒரு நினைவுத் தூணைக் காணலாம். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் பொங்கி வந்து கொன்ற மக்களில் நூற்றுக்கணக்கானவர்கள் அங்கு ஒன்றாய்ப் புதைக்கப்பட்டிருக்கின்றார்கள். சமீபத்தில் நாமும் அங்கு சென்று சிறிது நேரம் நின்றோம். அக்குழியில் கிடப்பவர்களில் கிறிஸ்தவர் யார், இந்து யார், முஸ்லிம் யார், மேல் ஜாதி யார், கீழ் ஜாதி யார் என்று பிரித்துச் சொல்ல எந்தப் பாதிரியாராலும், எந்தப் புரோகிதராலும் முடியாது.

அன்று ஆலயத்துக்குள் கடல் வரவில்லை, அது மாதாவின் அற்புதம் என்று சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. ஆலயம் மேட்டில் இருக்கின்றது. அது அற்புதமானால், அந்த மாதாவை நாடி வந்து கரையில் நின்ற யாத்திரிகர்கள் மாண்டது எதனால் என்று நாம் கேட்டால் கோபித்துக்கொள்ளுகிறார்கள். சுமத்ராவுக்கருகில் பூமி அதிர்ந்தது நம் கணக்கில் காலை சுமார் 6.30 மணிக்கு. நாகைக் கரையில் அலை ஏறியது சுமார் 9 மணிக்கு. இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. பசிபிக் சமுத்திரத்தில் 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தும், நம் பக்கத்துக் கடலுக்கு ஒன்றுமில்லை. ஹைதராபாத்தில் நிலையம் ஏற்பட்டது 2007-ல்தான். நாகை ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்குமேல் மடிந்த பிறகு!

நிற்க. 1934-ல் பீகாரில் பூகம்பம் வந்தபோது, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று காந்தியார் நம் திருநெல்வேலியிலேயே பேசினார். கவி தாகூர் அதை மறுத்தார். தீண்டாமையால் பூகம்பம் வருவதில்லை. ஆனால் பூகம்பத்துக்கும் பிரளயத்துக்கும் பின்னால் தீண்டாமை தவறாமல் வந்துவிடுகின்றது என்பதை நாகைக் கரை காட்டிவிட்டது. நிவாரண முகாம்களில் ஆதித்திராவிடர்கள் தண்ணீர்த் தொட்டியைத் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்டதையும், ஒரே கூரையின் கீழ் தங்கவொட்டாமல் விலக்கப்பட்டதையும் அப்போதே பத்திரிகைகளும் மனித உரிமைக்காரர்களும் எழுதினார்கள். தடுத்தவர்கள் வேறு யாருமல்ல. அதே அலையில் பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களே அவர்களிலும் இருந்தார்கள். வீடு போயிற்று, படகு போயிற்று, வலை போயிற்று, ஜாதி மாத்திரம் நனையாமல் கரை சேர்ந்தது!

இன்னொன்று. அழுகிய பிணங்களைத் தூக்கிப் புதைத்தவர்கள் யார்? பல ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட முனிசிபல் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆதித்திராவிடர்கள். உற்றார் உறவினரே கிட்ட வரத் தயங்கிய உடல்களை அவர்கள் தொட்டார்கள். அப்போது தீட்டு எங்கே போயிருந்தது?

ஒவ்வொரு டிசம்பரிலும் அத்தூணுக்கு மாலை போடுகிறார்கள். அடுத்த முறை அங்கு செல்லும் தோழர்கள், மாலை போட்ட கையோடு அக்கம்பக்கத்து ஆதித்திராவிடர் குடியிருப்புகளுக்கும் போய், அந்நாளில் தண்ணீர் கொடுத்தவர் யார், மறுத்தவர் யார் என்று விசாரித்து நமக்கு எழுதியனுப்பினால் வெளியிடக் காத்திருக்கிறோம்.