செவ்வாயில் ஓடும் பெரியாறு: பெயர் வந்தது, பணியிடம் வருமா?

வல்லார்பாடம் (கொச்சி): பெரியாறு என்றதும் தமிழக வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையும், அதையொட்டி இரு மாநிலங்களும் நடத்திய நீண்ட வழக்கும்தான். அணையைக் கடந்து மேற்கே ஓடும் அந்த நதி ஆலுவாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வராப்புழை வழியே கொச்சிக் காயலில் கலந்து, வல்லார்பாடம் தீவை ஒட்டி அரபிக் கடலைச் சேர்கிறது. 2025-ஆம் ஆண்டில் இந்த நதியின் பெயருக்கு மற்றொரு முகவரியும் கிடைத்தது. செவ்வாய்க் கோளில் உள்ள பழைமையான நீர்த்தடம் ஒன்றுக்குப் பெரியாறு என்று பெயரிட சர்வதேச வானியல் சங்கம் ஒப்புதல் அளித்தது.

அதனுடன் தும்பா, வலியமலா, வர்கலா, பேக்கல் ஆகிய கேரள ஊர்களின் பெயர்களும் செவ்வாயின் பள்ளங்களுக்குச் சூட்டப்பட்டன. அதே பகுதியில் உள்ள பெரிய பள்ளம் ஒன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரான எம்.எஸ். கிருஷ்ணனின் பெயரைப் பெற்றது. அவர் தஞ்சை மண்ணில் பிறந்தவர் என்பது தமிழர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும் செய்தி.

செவ்வாயின் பெரிய பள்ளங்களுக்கு மறைந்த அறிஞர்களின் பெயர்களும், சிறிய பள்ளங்களுக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட சிற்றூர்களின் பெயர்களும், சிறிய நீர்த்தடங்களுக்கு நதிகளின் பெயர்களும் வைக்கப்படுவது மரபு. அந்த வகையில் வல்லார்பாடத்தின் பெயருக்குக்கூட ஒரு நாள் வாய்ப்பு வரலாம். ஆனால், ஓர் இடத்துக்குப் பெயர் வேண்டுமானால் அந்த இடத்தை யாராவது ஆராய்ந்திருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் அதைக் குறிப்பிடும் தேவை எழுந்திருக்க வேண்டும். 2024-இல் லால், முர்சான், ஹில்சா என்ற மூன்று பள்ளங்களின் பெயர்கள் ஏற்கப்பட்டதும், ஆமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் அவற்றை ஆராய்ந்ததன் விளைவே.

அப்படி ஆராய்பவர்கள் இந்தியாவில் எத்தனை பேர், அவர்களுக்கு இங்கே என்ன எதிர்காலம் என்பதே தில்லி இன்னும் சரியாக எதிர்கொள்ளாத கேள்வி.

தில்லி ஒதுக்கிய கோடிகள்

கோள்களை ஆராய்வதற்கு மத்திய அரசு பணம் தரவில்லை என்று குறை கூற இடமில்லை. 2024 செப்டம்பர் 18-ஆம் தேதி கூடிய மத்திய அமைச்சரவை, நிலவின் மண்ணை பூமிக்குக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு ரூ.2,104.06 கோடியும், வெள்ளிக் கோளைச் சுற்றிவரும் ஆய்வுக்கலத்துக்கு ரூ.1,236 கோடியும் செலவிட ஒப்புதல் வழங்கியது. வெள்ளித் திட்டத்தில் ரூ.824 கோடி கலத்துக்கு மட்டும். ஜப்பானுடன் இணைந்து மேற்கொள்ளப்படும் சந்திரயான்-5 திட்டத்துக்கு 2025-இல் அனுமதி கிடைத்தது. சந்திரயான்-3 கொண்டுசென்ற பிரக்யான் ஊர்தியின் எடை 26 கிலோ. இதில் செல்லவிருப்பதோ சுமார் 250 கிலோ எடையுள்ள ஊர்தி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் விண்வெளித் துறைக்கு ரூ.13,416 கோடி ஒதுக்கப்பட்டது.

திட்டங்கள் இருக்கின்றன; அவற்றுக்கான தொகையும் அறிவிக்கப்பட்டுவிட்டது. கலங்கள் அனுப்பும் தகவல்களைப் பல ஆண்டுகள் அமர்ந்து ஆராய்ந்து முடிவுகளை எழுத வேண்டியவர்களுக்கான நிரந்தரப் பணியிடங்கள்தான் இந்த அறிவிப்புகளில் தென்படவில்லை.

கலம் செய்பவரும் கல்லை அறிந்தவரும்

விண்வெளிப் பணி என்றவுடன் பெற்றோர் மனத்தில் எழுவது பொறியாளரின் உருவம். அதில் தவறில்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேலும், ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகார் ஷாஜியும், 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவர் பொறுப்பேற்ற வி. நாராயணனும் பொறியியல் வழியே வந்த தமிழர்கள்தாம். இஸ்ரோ ஆண்டுதோறும் விளம்பரம் செய்யும் 'விஞ்ஞானி-பொறியாளர்' பணியிடங்களில் பெரும்பாலானவை மின்னணுவியல், இயந்திரவியல், கணினியியல் படித்தவர்களுக்கானவை. 2007-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் பி.டெக். படித்து, உரிய மதிப்பெண் பெறுவோருக்கு இஸ்ரோவின் கதவு நேரடியாகத் திறக்கிறது.

கோள் அறிவியல் இதிலிருந்து வேறுபட்ட துறை. நிலவியல், வேதியியல், இயற்பியல், வளிமண்டல அறிவியல் ஆகிய நான்கும் சந்திக்கும் இடம் அது. 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி விக்ரம் கலம் நிலவில் இறங்கியது பொறியாளர்களின் வெற்றி. அங்கே பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணின் வேதியியலை வைத்து, நிலவின் மேற்பரப்பு ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தவர்கள் ஆமதாபாத் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள். அந்த ஆய்வு 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியானது. ரூ.615 கோடி செலவில் நாடு பெற்ற நிலையான பலன் அதுபோன்ற அறிவுதான்.

இதற்கு மாறான அனுபவமும் நமக்கு உண்டு. 2008-இல் புறப்பட்ட சந்திரயான்-1 நிலவில் நீரின் தடயத்தைக் கண்டது என்று 2009-இல் உலகம் பேசியது. கலம் நம்முடையது, அந்தத் தடயத்தைக் கண்ட முதன்மைக் கருவியும் அதன் முடிவுகளை முதலில் எழுதிய குழுவின் தலைமையும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய கருவியும் அதே பயணத்தில் நீரின் அறிகுறிகளைப் பதிவு செய்தது. ஆனால் உலகின் நினைவில் நின்றது முந்தையதே. கருவியும் ஆராயும் ஆளும் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் பெருமையும் தங்கும்.

ஆய்வு மாணவரின் பாதை

கோள் அறிவியலில் நாட்டம் கொண்ட ஒரு மாணவர் இன்று செல்லக்கூடிய வழி இதுதான். நிலவியலிலோ இயற்பியலிலோ எம்.எஸ்சி. முடித்து, நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தேர்வுகளில் ஒன்றில் தேறி, ஆமதாபாத் ஆய்வகத்திலோ, திருவனந்தபுரத்திலோ, ஒரு சில ஐ.ஐ.டி.க்களிலோ ஆய்வு மாணவராகச் சேர வேண்டும். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் ரூ.37,000, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ரூ.42,000. மொத்தம் ஐந்து ஆண்டுகள். அதன் பிறகு ஆய்வு உதவியாளர் என்ற பெயரில் ரூ.58,000 முதல் தொடங்கும் தற்காலிகப் பணி கிடைக்கலாம்.

அதற்குப் பின்? மாணவர்கள் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான். முனைவர் பட்டம் முடிக்கும்போது வயது முப்பதை நெருங்கிவிடுகிறது. இஸ்ரோவின் பொதுவான பொறியாளர் பணிகளுக்கோ வயது வரம்பு 28. நமது பல்கலைக்கழகங்களில் கோள் அறிவியலுக்கெனத் தனித் துறையைக் காண்பது அரிது. எனவே நிலவியல் துறையில் காலியிடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது மத்திய தேர்வாணையத்தின் நிலவியல் வல்லுநர் தேர்வை எழுதி, நிலக்கரியையும் நிலத்தடி நீரையும் தேடும் பணிக்குச் செல்ல வேண்டும். செவ்வாய்ப் பெயர்களை முன்மொழிந்த இருவரில் ஒருவர் திருவனந்தபுரம் கழகத்தின் பேராசிரியர்; மற்றவர் காசர்கோடு அரசுக் கல்லூரியின் நிலவியல் ஆசிரியர். மாவட்டக் கல்லூரியில் இருந்தபடியே செவ்வாயை ஆராய முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. அத்தகைய ஆர்வத்துக்கு இடம் தருவது இப்போதைக்கு நிலவியல் துறைதான் என்பதும் இதில் தெரிகிறது.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். சந்திரயான்-2 திரட்டிய தகவல்கள் இணையத்தில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன. நாகர்கோவிலில் இருக்கும் மாணவியும் நிலவின் படங்களை இறக்கி ஆராயலாம். குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள லூனா பள்ளம் விண்கல் மோதி உருவானதாகலாம் என்பதற்கான சான்றுகளை 2024-இல் முன்வைத்தது கேரளப் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் தலைமையிலான குழு. வாய்ப்பும் வழிகாட்டும் ஆசிரியரும் இருந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களும் சாதிக்கும் என்பதில் ஐயமில்லை.

சித்தம்பூண்டி சொல்வது

தமிழகத்தின் பங்கும் சிறியதல்ல. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. அதை அரைத்துத் தயாரித்த மண்ணில்தான் நிலவில் இறங்கும் கலமும் ஊர்தியும் சோதிக்கப்பட்டன. இந்தப் பாறைகளை அடையாளம் காண்பதில் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் துணைநின்றனர். பின்னர் பிரக்யான் நிலவில் கண்டதும் அதே இனத்தைச் சேர்ந்த பாறைப் பொருளே.

இவ்வளவு பொருத்தம் இருந்தும், அந்தப் பாறையை மையமாக வைத்து ஒரு கோள் அறிவியல் துறையோ, நான்கு நிரந்தர ஆசிரியர் பணியிடங்களோ உருவாக்க வேண்டும் என்ற குரல் சட்டப்பேரவையிலும் ஒலிக்கவில்லை, நாடாளுமன்றத்திலும் வலுப்பெறவில்லை. தமிழக அரசு 2025-இல் வெளியிட்ட விண்வெளித் தொழில் கொள்கை, ஐந்து ஆண்டுகளில் ரூ.10,000 கோடி முதலீட்டையும் பத்தாயிரம் வேலைவாய்ப்புகளையும் இலக்காகக் கொண்டது. குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் தொழிற்சாலைக்கு இடம் கேட்கும் அரசியல், ஆய்வுத் துறைக்கு இடம் கேட்பதில்லை.

வல்லார்பாடம் தரும் பாடம்

கட்டமைப்பு மட்டும் போதாது என்பதற்கு வல்லார்பாடத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். இந்தியச் சரக்குகள் கொழும்பு சென்று கப்பல் மாறுவதைத் தடுப்பதற்காக இங்கே பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்று முனையம் அமைக்கப்பட்டு, 2011 பிப்ரவரி 11-ஆம் தேதி அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அதைத் தொடங்கிவைத்தார். அதற்காகச் சாலையும் ரயில் பாதையும் போடப்பட்டன. 2008-இல் மூலம்பிள்ளி உள்ளிட்ட இடங்களில் குடும்பங்கள் வீடுகளை இழந்தன. முனையம் உருவாயிற்று, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு மாற்றுச் சரக்கு வரவில்லை. கொழும்பின் ஈர்ப்பு குறையவும் இல்லை. இறுதியில் அந்தப் பணிக்காக விழிஞ்ஞத்தில் வேறொரு துறைமுகம் கட்டப்பட்டு, 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

கோள் ஆய்விலும் கலம் என்பது முனையம் போன்றது. அது கொண்டுவரும் தகவலே சரக்கு. அந்தச் சரக்கைப் பிரித்து மதிப்பேற்றும் கைகள் இங்கே இல்லையென்றால், பயிற்சி பெற்ற மாணவர்கள் பாரிசுக்கும் ஹூஸ்டனுக்கும் சென்று கப்பல் மாறுவார்கள். பாலக்காட்டைச் சேர்ந்த அஸ்வின் சேகர் விண்கற்களை ஆராய்ந்து, 2023-இல் சிறுகோள் ஒன்றுக்குத் தம் பெயர் சூட்டப்படும் பெருமையைப் பெற்றார். அப்போது அவர் பணியாற்றியது பாரிஸ் வானாய்வகத்தில்.

உலகச் சூழலும் மாறி வருகிறது. 2025-இல் அமெரிக்க அரசு நாசாவின் அறிவியல் நிதியை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்க முன்மொழிந்தது. அந்த முன்மொழிவு அப்படியே நிறைவேறாவிட்டாலும், கோள் ஆய்வுக் கலங்களுக்குப் பெயர்பெற்ற ஜெட் உந்துவிசை ஆய்வகம் 2024 பிப்ரவரியில் சுமார் 530 பேரையும், 2025 அக்டோபரில் சுமார் 550 பேரையும் பணியிலிருந்து நீக்கியது. வெளிநாட்டில் இடம் உறுதி என்று நம்பியிருந்த இந்திய மாணவர்களின் கணக்கு இதனால் தடுமாறுகிறது. அவர்களை இங்கேயே தக்கவைக்க இதைவிடப் பொருத்தமான காலம் வாய்ப்பது அரிது.

தில்லி செய்யக்கூடியது

இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. நாசா தனது திட்டங்களின் செலவிலேயே அறிவியல் குழுவின் ஊதியத்தையும் சேர்க்கிறது. கலம் அனுப்பும் தகவல்களை ஆராயப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி நிதித் திட்டங்களையும் நடத்துகிறது. நம் நாட்டிலும் 2000-களின் தொடக்கத்தில் ஆமதாபாத் ஆய்வகத்தின் வழியே 'பிளானெக்ஸ்' என்ற திட்டம் கல்லூரி ஆசிரியர்களையும் மாணவர்களையும் இத்துறைக்கு ஈர்த்தது. சந்திரயான்-4, வெள்ளித் திட்டம் ஆகிய இரண்டுக்கும் ஒப்புதலான தொகை ரூ.3,340 கோடி. அதில் நூற்றில் ஒரு பங்கு என்றாலும் ரூ.33 கோடிக்கு மேல் வருகிறது. பத்துப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணியிடங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் அது தொடக்க முதலாகும்.

ஐந்து ஆண்டுகளில் ரூ.50,000 கோடி என்ற இலக்குடன் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கும் இதில் பொறுப்பு உண்டு. அந்தத் தொகையில் ரூ.14,000 கோடி மட்டுமே அரசின் பங்கு. மீதி தொழில்துறையிடமிருந்து எதிர்பார்க்கப்பட்டது. வெள்ளிக் கோளின் மேகத்தையோ நிலவின் பாறையையோ ஆராய எந்த நிறுவனமும் எளிதில் பணம் தராது. அடிப்படை அறிவியலுக்கு அரசே கை கொடுக்க வேண்டும்.

சந்திரயான்-4 திரும்பி வரும்போது அதன் பெட்டியில் இருக்கப்போவது சில கிலோ மண். அதைத் திறந்து, ஒவ்வொரு துகளையும் அளந்து, அதன் வயதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எம்.எஸ்சி. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்கள். ஒரு முனைவரை உருவாக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். கலத்துக்கு நாள் குறித்தாயிற்று. அவர்களுக்கான பணி ஆணை எந்த ஆண்டில் கையெழுத்தாகும் என்பதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியவர்கள் தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த உறுப்பினர்களே. அணை விவகாரத்தில் எதிரெதிர் வரிசையில் நிற்கும் இரு மாநிலங்களும், செவ்வாயின் பெரியாற்றுக்காக ஒரே வரிசையில் நிற்கலாம்.