மாண்டரின் மீன்: அழகுக்கு யார் சோறு போடறது?

மாண்டரின் டிராகனெட் வாங்கணும்னு ஆசையா இருக்கறவங்களுக்கு நான் சொல்லப்போறது கொஞ்சம் கசக்கும். பரவாயில்ல, சொல்லிடறேன். அந்த மீனை வாங்கற தகுதி உங்க பர்ஸ்ல இல்லீங்க, உங்க தொட்டிப் பாறையில இருக்கு. பாறையில கோப்பிபாட் பெருகிக்கிட்டே இல்லேன்னா, எவ்ளோ விலையுள்ள விளக்கும் பம்ப்பும் வச்சிருந்தாலும் அது பட்டினிதான் கிடக்கும்.

தெரியாதவங்களுக்கு நாலு வரி. விஞ்ஞானப் பேரு சின்கைரோபஸ் ஸ்பிளெண்டிடஸ். ஜப்பானோட ரியூக்யூ தீவுகள்லேர்ந்து ஆஸ்திரேலியா வரைக்கும் மேற்கு பசிபிக்ல வாழுது. ஆறேழு சென்டிமீட்டர்தான் நீளம். நீலத்து மேல ஆரஞ்சுல கோலம் போட்ட மாதிரி உடம்பு. அந்தக் காலத்துச் சீன அரசவை அதிகாரிங்களோட பட்டு அங்கி மாதிரி இருக்குன்னுதான் இந்தப் பேரே. பெரும்பாலான மீன்கள்ல நாம பாக்கற நீலம் ஒளி செய்யற ஜாலம். இதோட தோல்ல நிஜமாவே நீல நிறமி இருக்கு. அழகுல குறையே இல்ல. பிரச்சினை எல்லாம் வயித்துலதான்.

நம்ம ஊர் முத்தத்துல கோழி மேயறதைப் பாத்திருப்பீங்க. நாலடி நடக்கும், தலையைச் சாய்ச்சுப் பாக்கும், ஒரு கொத்து. திரும்ப நடக்கும். மாண்டரின் சாப்பிடறதும் அச்சு அசல் அப்படித்தான். சின்ன வாய், நிதானமான நடை. பாறை இடுக்குல ஊர்ற கோப்பிபாட், ஆம்பிபாட், குட்டிப் புழு, இதையெல்லாம் பகல் பூரா ஒண்ணொண்ணா பொறுக்கும். ஹாஸ்டல் மெஸ் மாதிரி வேளைக்கு மணியடிச்சு சோறு போட்டா வரிசைல வந்து நிக்காது. அதுக்கு வேணுங்கறது மேய்ச்சல் நிலம்.

இங்க ஒஹையோவுல நான் குடியிருக்கற வீட்டு ஹால்ல என் ரூம்மேட்டோட 75 காலன், அதாவது சுமார் 284 லிட்டர் ரீஃப் தொட்டி இருக்கு. ஆறு வருஷத் தொட்டி. பையன் லீவுக்கு ஊருக்குப் போனா பராமரிப்பு என் தலைல. அதுல இருக்கற மாண்டரின் நல்லா கொழுகொழுன்னு இருக்கும். அதே சமயம், என் டிபார்ட்மென்ட் நண்பர் ஒருத்தர் மூணு மாசத் தொட்டிக்கு ஒண்ணு வாங்கினார். "உறைஞ்ச இறால் போடுங்க, எல்லாம் சாப்பிடும்"னு கடைக்காரர் சொல்லியிருக்கார். அது இறாலைத் திரும்பிக்கூடப் பாக்கல. அஞ்சு வாரத்துல வயிறு ஒட்டி, முதுகு ஒடுங்கி, போயிடுச்சு. கடைசி வாரம் வரைக்கும் நிறம் மட்டும் மங்கவே இல்ல. அதான் கொடுமை. பட்டினி கிடக்கறது வெளில தெரியறதுக்குள்ள காலம் கடந்துடுது.

"75 காலன் இருக்கணும், ஆறு மாசம் ஆகியிருக்கணும்"னு ஒரு கணக்கு ரொம்ப நாளா புழங்குது. தப்பில்ல, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. இப்பல்லாம் நிறைய பேர் காய்ஞ்ச பாறையை வச்சுத் தொட்டி ஆரம்பிக்கறாங்க. அதுல ஒரு பூச்சி புழு கிடையாது. நீங்க வெளிலேர்ந்து கோப்பிபாட் கொண்டுவந்து விடாம வருஷம் மட்டும் ஓடினா என்ன பிரயோஜனம்? அதோட ஆறு கோடு ராஸ் மாதிரி, ஸ்கூட்டர் டிராகனெட் மாதிரி பங்காளிங்க இருந்தா, எவ்ளோ பெரிய தொட்டியும் சீக்கிரம் காலி.

அடுத்தது பாட்டில் வைத்தியம். கடையில ஒரு பாட்டில் வாங்கி ஊத்திட்டு "வேலை முடிஞ்சுது"ன்னு கையைத் தட்டிக்கறது. டிக்ரியோபஸ் வகை பெருசு, சிவப்பு, தண்ணியில நீந்தும். மத்த மீனுங்களே பாதியை முழுங்கிடும். டிஸ்பே வகை பொடிசு, பாறைக்குள்ள போய்ப் பதுங்கி இனம் பெருக்கும். குடித்தனம் பண்ண வைக்கறதுக்கு இதான் சரி. ஆனா அதுக்கும் ஒளிய இடம் வேணும், சாப்பாடு வேணும். மீன் புக முடியாத ஒரு தனி அறை, அதுல கீட்டோமார்ஃபா பாசி, அப்பப்ப கொஞ்சம் பைட்டோபிளாங்டன். பின்பக்கக் கண்ணாடியைச் சுரண்டாம விட்டுடுங்க. ரொம்பச் சுத்தமான தொட்டியும் பட்டினித் தொட்டிதான்.

ரூம்மேட் ஜன்னலோரம் ரெண்டு ஜாடி வச்சிருக்கான். உப்புத் தண்ணி, மெல்லக் குமிழி விடற காத்துக் குழாய், பச்சைத் தண்ணி சாயம் போனா மறுபடி கொஞ்சம் பைட்டோ. ஏன் ரெண்டுன்னா, ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு இருக்கும். வாரம் ஒரு தடவை வடிகட்டி, விளக்கு அணைச்ச பிறகு தொட்டியில விடணும். ராத்திரி நேரம், மத்த மீன் தூங்கும், பாட்ஸ் பாறைக்குள்ள போயிடும். மொத்தமே கால் மணி நேர வேலை.

"தொட்டியிலயே பொறந்து வளர்ந்த மாண்டரின் உறைஞ்ச உணவு சாப்பிடுமே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதான் நல்லதும்கூட, கடல்லேர்ந்து பிடிக்கறதாவது குறையும். ஆனா வாய் அதே சின்ன வாய்தான், பழக்கம் அதே மேயற பழக்கம்தான். நாள்ல பல தடவை கொஞ்சங்கொஞ்சமா போடணும், அதுவும் வேகமான மீனுங்க தட்டிப் பறிக்காத இடத்துல. காலைல கிளாஸுக்குப் போயி ராத்திரி லேபை விட்டு வர்ற ஆளுக்கு அது முடியுமா? பாறைதான் அவரு இல்லாதப்ப சோறு போடணும்.

உப்பு, கால்சியம், நைட்ரேட்னு எல்லாத்தையும் அளக்கற நாம, இரை இருக்கான்னு மட்டும் அளக்கறதில்ல. அதுக்குக் கருவியே வேணாம். விளக்கு அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுக் கண்ணாடியைப் பாருங்க. வெள்ளைப் புள்ளிங்க எக்கச்சக்கமா ஊர்ந்தா, அப்புறம் கடைக்குப் போங்க. அங்கயும் வயிறு உருண்டையா, விடாம கொத்திக்கிட்டு இருக்கற மீனா பாத்து எடுங்க. ஒண்ணே ஒண்ணு.

புள்ளி ஒண்ணும் தெரியலையா? இன்னும் நாலு மாசம் ஜாடியை வளருங்க. அதுவரைக்கும் அந்த நீலத்தைக் கடைக் கண்ணாடி வழியா பாத்து ரசிச்சாப் போதும் :-)