வெடியோசையும் வாயில்லா ஜீவன்களும்

தைப்பொங்கலன்று பால் பொங்கி வழியும்போது சீனவெடி கொளுத்துவது நம் ஊர்களில் வழக்கம். மறுநாள் பட்டிப்பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டி, மாலை சூட்டி, பொங்கல் ஊட்டி மகிழ்கிறோம். முதல்நாள் அதே மாடு வெடியோசைக்கு அஞ்சிக் கயிற்றை இழுத்துத் திமிறியதை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. தீபாவளியிலும் சித்திரை வருடப்பிறப்பிலும் நத்தாரிலும் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் இதே கதிதான்.

மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஓசையையே அறியும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரையும், பூனையின் செவி அதற்கு மேலும் அறியும். இத்துணைக் கூர்மையான செவிக்கு முற்றத்து வெடி எவ்வளவு கொடியது! அன்றியும், பண்டிகை என்று நாமறிவோம், நாய் அறியுமா? காரணந் தெரியாத பேரோசை அதற்கு ஆபத்தின் அறிகுறியே. படலை திறந்திருந்தால் வீதிக்கு ஓடி வாகனத்தில் அகப்படும், அல்லது வழிதவறும். அச்சத்தினால், தன்னை வளர்த்த பிள்ளையையே கடிப்பதும் உண்டு.

ஆகவே, பண்டிகைக்கு முன்னரே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். கழுத்துப்பட்டியில் நமது தொலைபேசி இலக்கத்தை எழுதுக. நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியைத் தவணை தவறாது போடுவிக்க. அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே நாயை உலாவச் செய்து உணவளித்து, உள்ளறை ஒன்றில் பழகிய சாக்கையும் தண்ணீரையும் வைத்து, யன்னலைச் சாத்தி, வானொலியை மெல்லப் பாடவிடலாம். வெளியே சங்கிலியிற் கட்டிவைப்பது கொடுமை. திமிறும்போது கழுத்து இறுகும். கட்டிலின் கீழ் ஒளித்த பூனையை வெளியே இழுத்தலும் ஆகாது.

அஞ்சும் நாயைத் தடவிக்கொடுத்தால் அதன் அச்சம் வளரும் என்பர் சிலர். அது தவறு. அன்பினால் அச்சம் பெருகாது. ஏச்சும் அடியுமே அதைப் பெருக்கும். நாமாகவே மனிதருக்குரிய மருந்தைக் கொடுத்தலும் ஆகாது. பரசிற்றமோல் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்ல வல்லது. அச்சம் மிக்க பிராணிக்கு என்ன கொடுப்பதென்பதை மிருக வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிக.

பண்டிகைப் பலகாரத்திலும் கவனம் வேண்டும். சொக்கலேற்றும் பிளம்ஸும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழியெலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

எவரையேனும் நாய் கடித்தால், சிறு காயமாயினும் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்க.

பண்டிகையைக் கைவிடுக என்று நாம் சொல்லவில்லை. வெடி கொளுத்தும் நேரத்தை அயலவரோடு பேசிச் சுருக்கிக்கொள்ளலாம். தொழுவத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் தூரத்தே கொளுத்தலாம். தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமர் மறுத்தார் என்று பாரதம் கூறும். அக்கதையை வகுப்பிற் படிக்கும் மாணவர், வெடியிற் தீ வைக்குமுன் நாயை உள்ளே விட்டுப் படலையையேனும் சாத்துவாராக.