சருகும் மரத்தூளும் நாங்களும்

காலை 7.15க்கு துப்புரவு மணி. 7.30க்கு வளவு மூலையில் புகை. வாகைச் சருகு, மாஞ்சருகு, இடையில் இரண்டு மூன்று சொப்பிங் பேக். அந்தப் புகைக்குள்தான் எங்கள் தரம் 3 பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் நின்றார்கள். இழுப்பு உள்ள பிள்ளை இன்ஹேலரைத் தேடும்போது நாங்கள் தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எரிப்பதை நிறுத்தினோம். அடுத்துச் செய்ததும் பிழை. மரக்காலையில் சும்மா கிடந்த மரத்தூளை எட்டு மூட்டை ஏற்றிவந்து, 'மண்ணுக்கு நல்லது' என்று முன்வளவுப் புற்றரையில் கொத்திக் கலந்தோம். மூன்று கிழமையில் புல் மஞ்சளித்தது. சிலர் நோய் என்றார்கள், ஒருவர் கண்ணூறு என்றார். விஷயம் வேறு. மரத்தூளில் ஒரு பங்கு நைதரசனுக்குச் சில நூறு பங்கு காபன் இருக்கிறது. அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு நைதரசன் தேவை. தூளில் கிடைக்காததை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். புல் பட்டினி. நைதரசன் வட்டத்தை வருடாவருடம் கரும்பலகையில் வரைகிற நாங்களே இதை மறந்தோம்!

சருகோடு கொட்டினால் சரிவருமா? அதுவும் வராது. சருகும் காபன், தூளும் காபன். இரண்டும் சேர்ந்து சும்மா கிடக்கும். நடுவில் நைதரசன் வேண்டும்: மாட்டெரு, பச்சைக் கிளிசிரிடியா இலை, அல்லது கோழிக்கூட்டுக் கூளம். கோழி வளர்ப்பவர்கள் மரத்தூளைத்தான் கீழே விரிக்கிறார்கள், எச்சமும் தூளும் கலந்தே வருகிறது. எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வரும் ஈரம், கிழமைக்கொரு புரட்டல். நடுவில் கை வைக்க முடியாத சூடு. ஆனால் முழுதாக உக்காமல் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடவே கூடாது, கிருமி இருக்கும். ஒட்டுப்பலகைத் தூளும் வேண்டாம், அதில் பசை.

'டெங்கு வரும், பாம்பு வரும்' என்கிறார்கள். உக்கும் குவியலில் நுளம்பு முட்டையிடத் தண்ணீர் தேங்குவதில்லை. பாம்புப் பயம் நியாயம்தான். அதனால் குவியல் வகுப்பறைக்குத் தூரத்தில். உண்மையான தடை எங்கள் மனதில். வெறும் மண் தெரியக் கூட்டினால்தான் சுத்தம் என்று பழகிவிட்டோம். மேற்பார்வைக்கு வருபவர்களும் அதையே பார்க்கிறார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது கூட்டெரு தேடி அலைந்தோமே, அதுவரை எத்தனை மூட்டை எருவை நெருப்பில் போட்டிருப்போம்?

இந்தத் தவணை இரண்டாவது குவியலைச் சலித்து, புல் மூடாதபடி மெல்லிதாகத் தூவினோம். சலிப்பில் நின்ற முரட்டுத் துண்டுகள் மாமரத்தடிக்கு மூடாக்கு. வொச்சர் நானாவின் தீப்பெட்டி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, பிளேன்டீ அடுப்புக்கு.