அம்மாவைச் சுவரோரம் நிறுத்திப் பாருங்கள்



மார்கழி விடியலில் ஸ்ரீரங்கத்து உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் வாசலுக்கு வாசல் கோலம். போட்டு முடித்த பிறகும் நிமிராத பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். “வயசாச்சு, கூன் விழுந்துடுத்து” என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். தசை தளர்ந்தும் முதுகு வளையும்தான். ஆனால் பல முதுகுகளுக்குள் இருப்பது யாரும் பார்க்காத எலும்பு முறிவு.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிறது. இதுதான் எலும்புப்புரை. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் வரும், ஆண்கள் உட்பட. பிறகு கீழே விழக்கூட வேண்டாம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் பேருந்தின் கடைசி இருக்கை தூக்கிப்போடும்போது, முதுகெலும்பின் ஒரு கட்டை முன்பக்கம் மட்டும் ஆப்புப் போல அமுங்கிவிடுகிறது. இப்படி இரண்டு மூன்று அமுங்கினால் உடல் முன்னால் சாய்கிறது. விலா இடுப்பெலும்பை நெருங்குகிறது. வயிற்றுக்கு இடமில்லை, நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்கிறார்கள். மூச்சும் குறுகுகிறது.

இத்தகைய முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு மருத்துவரிடம் வருவதே இல்லை. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. முறிவு ஏற்பட்ட பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள் இன்னொரு கட்டையும் நொறுங்கியதை 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருத்துவரிடம் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபம் ரங்கநாதர் கோயிலில் தாயார் சந்நிதி அருகே இருக்கிறது. அந்தக் கதையின் கூனியை நாம் சூழ்ச்சிக்காரியாகவே அறிவோம். கூனைக் குணத்தோடு முடிச்சுப்போட்டுப் பழகிவிட்டோம். அதனாலும்தான் நம் பெண்கள் முதுகைக் காட்டக் கூசி வீட்டுக்குள் ஒடுங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது மருத்துவம்.

கோலத்துக்கு வருகிறேன். 1984-இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எலும்புப்புரை உள்ள 59 பெண்களைக் கவனித்தார்கள். முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்கு முதுகெலும்பு மேலும் அமுங்கியது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்கே. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாது. முறிவு உள்ளவர்கள் இடுப்பை மடித்துக் குனிய வேண்டாம். மணைப்பலகையில் உட்கார்ந்து கோலம் போடட்டும், குடத்தை வேறொருவர் தூக்கட்டும்.

விழுந்த கூனை மருந்து நிமிர்த்தாது. ஆனால் அடுத்த முறிவைப் பெரிதும் தடுக்கும். ஆண்டுக்கொரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமில மருந்து மூன்று ஆண்டுகளில் புதிய முதுகெலும்பு முறிவுகளை 70 சதவீதம் குறைத்ததை 2007-இல் கண்டார்கள். வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரையும் உண்டு: வெறும் வயிற்றில், நிறையத் தண்ணீரோடு, பிறகு அரை மணி நேரம் படுக்காமல். கேழ்வரகும் பாலும் துணை நிற்கும், மருந்துக்கு மாற்றாகாது.

உயரம் குறைவதும் முறிவின் அடையாளமாகலாம். ஆனால் அம்மா இளமையில் 4 சென்டிமீட்டர் கூடுதல் உயரமாக இருந்தாரா என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டோம். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சுவரோரம் நிறுத்துங்கள். குதிகால், முதுகு சுவரில் பட, நேராகப் பார்க்கட்டும். பின்தலை சுவரைத் தொடவில்லையா? கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே இரண்டு விரல்கூட நுழையவில்லையா? திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனைக்கோ, உங்களுக்குப் பழகிய எலும்பு மருத்துவரிடமோ அழைத்துப் போய் முதுகுக்கு ஓர் எக்ஸ்ரே கேளுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவர் சொல்வார்.

அன்புடன்,
ஆசிரியர்