களஞ்சியம் யார் கையில்?

செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை வளைத்துக் கிடந்தது. ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல, 1690 முதல் 1698 தொடக்கம் வரை! பீரங்கியும் பெருஞ்சேனையும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருந்தவை என்ன? மலை, மதில், மதிலுக்குள்ளே நெல் கொட்டி வைக்கக் களஞ்சியம், தண்ணீருக்குச் சுனை. வீரனின் வாளைப் பாடுவோர் உண்டு. வாள் பிடித்தவன் வயிற்றைக் காத்த களஞ்சியத்தைப் பாடுவோர் உண்டா? (2025-ல் அந்தக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, 'மராட்டியர் இராணுவ நிலக்காட்சி' என்ற பெயரில்! அந்தப் பெயரைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம்.)

இன்று நெல்லுக்கு மட்டுமல்ல, மின்சாரத்துக்கும் களஞ்சியம் வேண்டும். ஆரல்வாய்மொழியில் நள்ளிரவில் வீசுகிற காற்றை, விளக்கேற்றும் வேளைக்கு வா என்றால் வருமா? உச்சிப் பொழுதின் வெயிலை இரவுக்கு வைத்துக்கொள்ள ஒரு கலம் வேண்டாமா? அந்தக் கலம்தான் லித்தியம் பேட்டரி. செல்போனில் இருப்பது அது. மின்சார ஸ்கூட்டரின் இருக்கைக்கடியில் இருப்பதும் அது.

தொழிலாளத் தோழர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பேட்டரி வேறு, செல் வேறு. அலுமினியத் தகட்டில் ஒரு பசை, செம்புத் தகட்டில் காரீயகப் பசை, நடுவே மெல்லிய சவ்வு. ஈரம் அறவே புகாத அறையில் சுருட்டி, திரவம் ஊற்றி, மூடி, முதல் முறை மின்னேற்றிப் பக்குவப்படுத்துவது, அதுதான் செல். வித்தை அங்கே, விலையும் அங்கே. அயல்நாட்டிலிருந்து வந்த செல்லைப் பெட்டியில் அடுக்கிக் கம்பி இணைத்துச் சீட்டு ஒட்டுவதும் 'பேட்டரி தயாரிப்பு' என்றே நம் நாட்டில் பெயர் பெற்றது! வேட்டியை வாங்கி மடித்து வைத்தவன் நெசவாளி ஆவானா?

நமக்கு அறிவு இல்லையா? காரைக்குடியைப் பாருங்கள். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், பொங்கலன்று, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. லித்தியம் அயான் பேட்டரியை ஜப்பானின் சோனி கம்பெனி சந்தைக்குக் கொண்டு வந்தது 1991-ல். காரைக்குடி நிலையம் தன் செல் நுட்பத்தை ராசி என்ற தனியார் கம்பெனிக்குத் தர ஒப்பந்தம் போட்டதோ 2018-ல். இடையே 27 ஆண்டுகள்! வாங்கி விற்றாலே லாபம் கொழிக்கும்போது ஆக்குவானேன் என்றிருந்த முதலாளித்துவமும், பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்த டில்லியும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய ஆண்டுகள் அவை.

அடுத்து முனோத் இண்டஸ்ட்ரீஸ். சென்னைக் கம்பெனி, ஆனால் ஆலை எழுந்தது திருப்பதியில். 165 கோடி ரூபாய் முதலீடு; நாளொன்றுக்கு 20,000 செல் செய்யும் திறன். 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தி தொடங்கியது. ஆந்திரத் தோழர்களுக்கு வேலை கிடைத்ததில் நமக்கு வருத்தமில்லை. நம் தலைநகரத்துக் கம்பெனி ஏன் எல்லை தாண்டிற்று என்று நம் அதிகாரிகளைக் கேட்காமலிருக்கத்தான் முடியவில்லை.

பிறகு வந்தது ஓலா. செஞ்சியிலே கிருஷ்ணகிரி என்றொரு மலை. அதன் மேலும் களஞ்சியம் உண்டு. ஓலா வந்ததோ இன்னொரு கிருஷ்ணகிரிக்கு, அந்த மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்கு. 2020 டிசம்பரில் ஸ்கூட்டர் ஆலைக்கு 2,400 கோடி என்று ஒப்பந்தம். 2021-ல், 10,000 பெண்கள், முழுக்கப் பெண்களே என்று அறிவிப்பு. 2023 பிப்ரவரியில் காருக்கும் செல்லுக்கும் 7,614 கோடி என்று மற்றோர் ஒப்பந்தம். டில்லியின் 18,100 கோடி ஊக்கத்தொகைத் திட்டத்திலும் அதற்குப் பங்கு கிடைத்தது. சொந்த செல் பொருத்திய ஸ்கூட்டர் 2025-ல் வெளிவந்தது, மகிழ்ச்சி, மறைக்கவில்லை! ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், ஊக்கத்தொகைத் திட்டத்தின் முதற்கட்டக் கெடு தவறியது குறித்துக் கடிதம் வந்ததாகக் கம்பெனியே பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. அறிவிப்பு குதிரையிலே வருகிறது; ஆலை நடந்து வருகிறது.

அந்த டில்லித் திட்டத்திலே ஒரு விதி: செல்லின் மதிப்பில் இரண்டாண்டில் 25 விழுக்காடும் ஐந்தாண்டில் 60 விழுக்காடும் உள்நாட்டில் உண்டாக்கப்பட வேண்டும். நல்ல விதி. உள்நாடு என்றால் எது? தகடு எங்கே, பசை எங்கே, சவ்வு எங்கே செய்யப்படுகிறது? ஈரமற்ற அறையில் நின்று செல் சுருட்டுபவர் நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தக் கூலியா? திரவத்தின் நெடி தாக்கினால் மருத்துவச் செலவு யாருடையது?

செஞ்சி வட்டாரத்துப் பிள்ளைகள் ஐ.டி.ஐ. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் பேருந்து ஏறுகிறார்கள். காரைக்குடியில் இருக்கிற வித்தையை அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு மாதப் பயிற்சியாகக் கற்றுத் தரட்டும். முதல் வகுப்பு விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கட்டும். கழகத் தோழர்கள் இந்தக் கோரிக்கையைக் கிளைதோறும் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுக்க வேண்டும். நகலைத் தொழில் துறைக்கும் அனுப்ப வேண்டும்.