ஜன்னலைச் சாத்தச் சொன்னவர்கள்

போன வாரம் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வீட்டில் ஒரு அறை இருந்தால் போதுமாம், சிப்பிக் காளான் வளர்த்து மாதாமாதம் சம்பாதிக்கலாமாம், ஒரே நாள் பயிற்சியாம். கீழே கட்டணமும் கைபேசி எண்ணும். பக்கத்தில் ஒரு அறையின் படம். ஜன்னல் எங்கே இருக்கிறது என்றே தெரியாதபடி சுற்றிலும் பிளாஸ்டிக் தாள், நடுவில் புகை மாதிரி தண்ணீரைக் கக்கும் ஒரு மெஷின். அதைப் பார்த்து நின்றதில் ஏற வேண்டிய ரயிலை விட்டுவிட்டேன். அடுத்த வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மனதுக்குள் எழுதியதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காளான் மேல் எனக்கு விரோதம் கிடையாது. நல்ல தொழில். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. அந்த வைக்கோலிலிருந்து 45 நாளில் சத்துள்ள ஒரு கறி கிடைக்கிறது என்றால் யாருக்குக் கசக்கும்? என் சண்டை காளானோடு இல்லை. "அறையை அடை, ஈரத்தைக் கூட்டு" என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தப் பாடத்தோடுதான்.

இதில் எனக்கும் ஒரு பாவக் கணக்கு இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் என் தங்கை மகள் இதேபோல ஒரு பயிற்சிக்குப் போய் வந்தாள். மகளிர் குழுவில் கடன் வாங்கினாள். மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கான்கிரீட் அறை சும்மாக் கிடந்தது. பயிற்சி கொடுத்தவர் ஒரு தாள் கொடுத்திருந்தார். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றையும் அடைக்கவும் என்று அதில் இருந்தது. "மாமா, நீங்க கொஞ்சம் வந்து ஒட்டிக் குடுங்க" என்றாள். ஏணி மேல் ஏறி, வென்டிலேட்டர் ஓட்டையில் கூட விடாமல் பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுத்தவன் நான்தான்.

நான் வேலை பார்த்தது ஒரு நூற்பாலையில். அதுவும் 27 வருஷம் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில். ஈரத்தையும் காற்றையும் கட்டி மேய்த்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அப்படிப்பட்டவன் ஒரு அச்சடித்த தாளைப் பார்த்ததும் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு ஏணி ஏறினேன். 'நமக்குத் தெரிந்தது மில், இது விவசாயம், அவர்களுக்குத் தெரியும்' என்று நினைத்தேன்.

முதல் 18 நாள் எல்லாம் நன்றாகவே போயிற்று. உறி போலத் தொங்கவிட்ட படுக்கைகளில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூசணம் படர்ந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு மொட்டு விட்டது. விட்டதெல்லாம் விரல் விரலாக நீண்டுகொண்டே போயிற்று. முழுக்கத் தண்டுதான். உச்சியில் சட்டைப் பித்தான் அளவுக்குக் குடை. கடைக்காரர் கையில் எடுத்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டாராம்.

பயிற்சி கொடுத்தவருக்கு போன் செய்தாள். "ஈரம் பத்தலம்மா, ஃபாகர் மெஷின் வாங்கிப் போடுங்க" என்றார். அவரிடமே வாங்கினாள். அடுத்த முறை வந்த காளான் மேல் மஞ்சள் படிந்து, வழவழவென்று ஆகி, நாறியது. மறுபடி போன். இந்தத் தடவை அவர் சொன்ன பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "உங்களுக்குக் கைராசி இல்லம்மா."

அவள் அதை நம்பினாள். கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போன பிறகும் தப்பு தன் கையில்தான் என்று நினைத்தாள்.

தப்பு அவள் கையில் இல்லை. ஜன்னலில் இருந்தது.

காளான் செடி இல்லை. அதில் பச்சையம் கிடையாது. நம்மைப் போலவே பிராணவாயுவை இழுத்துக் கரியமில வாயுவை வெளியே விடுகிற ஜீவன் அது. நம்மைப் போலவே சூட்டையும் வெளியிடும். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் சுமார் நான்கு பங்கு. சிப்பிக் காளான் குடை விரியும் நேரத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். நூறு படுக்கைகளைத் தொங்கவிட்டு அறையை அடைத்தால் என்ன ஆகும்? மழை நாளில் ஷட்டரை இறக்கிவிட்ட டவுன் பஸ்ஸில் நின்று பயணம் செய்திருக்கிறீர்கள் அல்லவா, அதுதான். நாம் கழுத்தை நீட்டி மூச்சுக்குத் தவிப்போம். காளானும் நல்ல காற்று எங்கே என்று கழுத்தை நீட்டுகிறது. அந்த நீண்ட தண்டு அதுதான். குடை விரிக்க அதற்குத் தெம்பில்லை.

அப்படியானால் முதல் 18 நாள் எப்படி நன்றாகப் போயிற்று? பூசணம் வைக்கோலுக்குள் படர்கிற காலத்தில் கரியமில வாயு மிகுந்தாலும் தாங்கும். ஈரமும் பைக்குள்ளேயே இருக்கும். மொட்டு விட்டதும் கதை மாறுகிறது. அன்றிலிருந்து அதற்கு வேண்டியது வெளிச்சம், ஈரம், நல்ல காற்று, மூன்றும் சேர்ந்து. இரண்டு பருவத்துக்கும் ஒரே தாளைக் கொடுத்து 'அடை' என்று சொன்னதில்தான் அவள் கெட்டாள்.

அந்த மஞ்சள் வழவழப்புக்கும் இதே காரணம்தான். குடை மேல் உட்கார்ந்த தண்ணீர் சில மணி நேரத்துக்குள் காய வேண்டும். காயாவிட்டால் பாக்டீரியா குடியேறும். காற்று அசையாத அறையில் ஃபாகரை ஓட்டினால் அது எப்படிக் காயும்? இன்னொன்றும் உண்டு. குடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஆவியாகப் போனால்தான் வைக்கோலில் இருக்கும் தண்ணீரும் சத்தும் மேலே ஏறும். நூறு சதவீத ஈரத்தில் அந்த ஓட்டமே நின்றுவிடும்.

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன. மூன்றையும் பார்த்துவிடுவோம்.

முதல் பதில், "வேளாண்மைப் பல்கலைக்கழகமே 80, 85 என்றுதானே சொல்கிறது?" ஆமாம், சொல்கிறது. கூடவே காற்றோட்டமும் வேண்டும் என்று சொல்கிறது. அதைவிட முக்கியமாக, அவர்கள் வளர்க்கச் சொல்வது கீற்று வேய்ந்த குடிலில். கீற்றுக் கொட்டகைக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓலைக்கு ஓலை நூறு இடுக்கு இருக்கும். தரையில் மணலைக் கொட்டி நனைத்து, சுற்றிச் சாக்குத் தொங்கவிட்டாலும் கொட்டகை மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். 85 என்ற எண் அந்த மூச்சோடு சேர்ந்த எண். இந்த வியாபாரிகள் எண்ணை மட்டும் பிய்த்தெடுத்து வந்து கான்கிரீட் அறையில் ஒட்டிவிட்டார்கள். இடுக்கை விட்டுவிட்டார்கள். பிளாஸ்டிக்கையும் சேர்த்துக்கொண்டார்கள்.

மரத்தில் தானாக வளர்வதைப் பார்த்தாலே போதும். செத்த மரத்தில், மழை விட்ட பிறகு, திறந்த வெளியில் வருகிற காளான் இது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் இதை வளர்க்கத் தொடங்கியபோதும் வெட்டிய மரக்கட்டைகளில்தான் வளர்த்தார்கள். நம் நாட்டில் 1962இல் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஜாகியா பானோவும் ஸ்ரீவாஸ்தவாவும் வைக்கோலில் வளர்த்துக் காட்டினார்கள். வைக்கோலுக்கு மாறினோம், பைக்கு மாறினோம், வீட்டுக்குள் கொண்டுவந்தோம். காளானின் மூக்கு மாறவில்லையே!

இரண்டாவது பதில், "ஜன்னலைத் திறந்தால் ஈரம் போய்விடும்." இது பாதி உண்மை. மில்லில் நாங்கள் தினமும் ஈரக்குமிழ் வெப்பமானியைப் பார்த்தே காலம் தள்ளியவர்கள் என்பதால் கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 35 டிகிரியில் கிட்டத்தட்ட 40 கிராம் தாங்கும். விடியற்காலையில் முழு ஈரத்தோடு இருந்த அதே காற்று, ஒரு சொட்டும் குறையாமலேயே, மதியம் வெயில் ஏறியதும் 60 சதவீதத்துக்குக் கீழே காட்டும். அதாவது நேரம் பார்த்துத் திறந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. நம் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் பக்கம். ராத்திரியும் விடியற்காலையும் வெளிக்காற்றே சொதசொதவென்று இருக்கும். அப்போது தாராளமாகத் திறந்து விடுங்கள். மதியம் கொஞ்சமாகத் திறங்கள், திறக்கிற இடத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். அந்தக் காலத்தில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்களே, அதே வித்தைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே ஈரம் நிறைந்து கிடக்கும். அப்போது தண்ணீர்த் தெளிப்பையே நிறுத்தலாம், காற்றை நிறுத்தக் கூடாது.

மில்லிலும் இதைத்தான் செய்தோம். ஈரம் இல்லாவிட்டால் நூல் அறும். அதற்காக எந்த மில்லிலும் எல்லா வழியையும் அடைத்துவிட்டு உள்ளே தண்ணீரைப் பீய்ச்சியதில்லை. பெரிய ஃபேன் வெளிக்காற்றை இழுக்கும். அது தண்ணீர்த் திவலைகளுக்கு நடுவே புகுந்து, நனைந்து, குளிர்ந்து உள்ளே வரும். உள்ளே இருந்த சூட்டுக் காற்று வேறு வழியாக வெளியேறும். ஈரமும் காற்றும் ஒரே வாசலில் கைகோத்து வரும். இது தெரிந்தும் ஏணி ஏறினேனே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மூன்றாவது பதில் நம் ஊருக்கே உரியது. "சிப்காட் காற்றை எப்படி சார் உள்ளே விடுறது?" நியாயமான கேள்வி. உருக்காலைப் பக்கம் குடியிருப்பவர்கள் துணி காயப்போடும் கொடியைத் துடைத்துவிட்டுத்தான் துணி போடுகிறார்கள். காளானுக்கு, தான் வளரும் வைக்கோலில் உள்ள உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குணமும் உண்டு. அதனால் புகைபோக்கி நிழலில் இந்தத் தொழில் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அடைத்து வைத்தால் சரியாகிவிடும் என்பது ஏமாற்று. காளானுக்கு ஆகாத காற்று நம் பேரப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆகுமா? அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். ஜன்னலில் பிளாஸ்டிக் ஒட்டி அந்தக் கேள்வியையும் சேர்த்து மூடிவிட வேண்டாம்.

வீட்டு அறை என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முற்றிய சிப்பிக் காளான் கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூளைக் கோடிக்கணக்கில் கொட்டும். அடைத்த அறையில் தினமும் அதைச் சுவாசித்தால் சிலருக்கு இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு வரும். காளான் தொழிலாளர்களுக்கு வரும் நுரையீரல் நோய் மருத்துவ உலகம் அறிந்ததுதான். என் தங்கை மகள் இரண்டு மாதம் இருமினாள். ஃபாகர் குளிர்ச்சி சேரவில்லை என்று கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். படுக்கும் அறையிலோ அதை ஒட்டிய அறையிலோ காளான் வேண்டவே வேண்டாம். குடை ஓரம் மேல்நோக்கிச் சுருள்வதற்கு முன்பே பறித்துவிடுங்கள், உள்ளே போகும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்று போன வருஷம் கிணற்றடியில் ஆறடிக்கு எட்டடி கீற்றுக் கொட்டகை போட்டேன். இருபது படுக்கை. தரையை ஒட்டி இரண்டு பக்கம் நனைத்த சாக்கு வைத்த திறப்பு, கூரையை ஒட்டி எதிர்ப்பக்கம் ஒரு திறப்பு. சூட்டுக் காற்று மேலே ஏறும் அல்லவா? பூச்சி வராமல் எல்லாவற்றிலும் நைலான் வலை. ஒரு ஊதுபத்தியைக் கீழ்த் திறப்பில் பிடித்தால் புகை மெதுவாக உள்ளே போக வேண்டும், அதுதான் என் மீட்டர். தண்ணீர் மணலுக்கும் சாக்குக்கும் மட்டும், குடை மேல் இல்லை. தண்டு நீண்டால் காற்றைக் கூட்டினேன். குடை ஓரம் வெடித்து மொட்டு கருகினால் ஈரத்தைக் கூட்டினேன். மார்கழி, தை இரண்டு மாதமும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று வந்தது. கத்திரி வெயிலில் மூடி வைத்துவிட்டேன். திருத்தணி கொதிக்கிற மாதத்தில் இந்த ஆசை நமக்கு வேண்டாம்.

முதல் பறிப்பை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கூடையை வாங்கி, ஒரு காளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்ப சொல்றீங்களே, மாமா" என்றாள். அவ்வளவுதான். சங்கிலியை அந்த மாதம்தான் மீட்டிருந்தார்கள். மாடி அறையில் கொக்கிகள் இன்னும் தொங்குகின்றன. அவள் மறுபடி ஆரம்பிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ இப்படி ஒரு நோட்டீஸோடு வந்தால் தடுக்காதீர்கள். திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. முதலில் அங்கே போய் விசாரிக்கச் சொல்லுங்கள். தனியாரிடம் போவதானால், பணம் கட்டுவதற்கு முன் நீங்களும் கூடப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இந்த அறைக்குள் காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது?" அதற்கு விரல் நீட்டிக் காட்டத் தெரியாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

அந்த மின்கம்பத்து நோட்டீஸை நான் கிழிக்கவில்லை. கிழித்தால் நாளைக்கு வேறொன்று ஒட்டுவார்கள். அதன் ஓரத்திலேயே பேனாவால் அந்தக் கேள்வியை எழுதிவிட்டு வந்தேன்.